ஆறாம் எண்ணுக்கு ஒரு பெயர்

பெனாசிர் தொழுவத்துக்குள் நுழைந்தபோது மருந்துத்தும்பி என்ற குட்டி டிரோன் ஊசி போட்டுவிட்டுப் பறந்து போயிருந்தது. பசுவின் கழுத்தில் இருந்த குருதிமணி சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியிருந்தது. காய்ச்சல் தீர்ந்தது என்று அர்த்தம். ஆனாலும் அவள் பசுவின் கீழிமையைப் புரட்டிப் பார்த்தாள். வெளுத்துக் கிடந்தது.

"பச்சை வந்திருச்சுங்களே டாக்டரம்மா, அப்புறம் என்னத்தைப் பாக்கறீங்க?" என்றான் மாட்டுக்காரன் சிவராசு.

தாராபுரம் பக்கம் குளிர்காலம் ஒழிந்ததிலிருந்து உண்ணிகளுக்குக் கொண்டாட்டம்தான். அவை பரப்பும் காய்ச்சலில், பச்சை எரிந்த மாடுகளும் சில நாளில் சாய்ந்தன. இதயம் தளர்ந்தால் மணி கறுக்கும், ஆளில்லா வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதனால் இப்போது யாரும் மாட்டுக்குப் பெயர் வைப்பதில்லை, வெறும் எண்தான். பெயர் வைத்தால் அழ வேண்டுமே! சிவராசுவிடம் ஐந்து எண்கள் போய்விட்டன. மிச்சம் இருப்பது இந்த ஆறாம் எண் மட்டும், அதுவும் சினை.

"பேருதான் குருதிமணி. ரத்தத்துல அது எண்ணுறது உண்ணி ஏத்திவிட்ட ஒட்டுண்ணியை மட்டும்தாண்ணா" என்றாள் பெனாசிர். "ஒட்டுண்ணி செத்துருச்சு. ஆனா அது கிளப்பிவிட்ட துரு ரத்தத்துல இன்னும் ஓடுது. நல்ல அணுவையும் அரிக்குது. மருந்தோட சேத்து அதையும் நிறுத்தணும்."

பையிலிருந்து துருத்தடுப்பியை எடுத்தாள். வைட்டமின் ஈ, கொஞ்சம் செலினியம், அவ்வளவுதான். தும்பிகள் ஒரே மருந்தைச் சுமக்கப் பிறந்தவை, இந்தப் பழைய ஆன்டிஆக்சிடன்டை எல்லோரும் மறந்தே போனார்கள். ஆய்வுக்கூடத்து ஆடுகளிடம் பலித்தது. மாட்டுக்கு அவள் போடுவது இதுதான் முதல் தடவை. கையால் ஊசி போட்டுப் பழக்கமில்லாததால் குத்தும் இடத்தை இருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"சிகிச்சை முடிந்தது. விலகி நிற்கவும்" என்றது மணி.

"நீ சும்மா கிட" என்று அதட்டிவிட்டு ஊசியைப் போட்டாள்.

அதன்பின் தினமும் வந்து ஊசி போட்டாள். வார இறுதியில் பசு படுத்துவிட்டது, மணி கறுத்தது. வண்டி சொல்லிவைத்தாற்போல் வாசலுக்கு வந்துவிட்டது. சிவராசு அதன் குறுக்கே போய் நின்றான். மனிதன் நின்றால் அது காத்திருக்கும், அவ்வளவு மரியாதை அதற்கு உண்டு.

"சீக்கிரம் பாருங்க டாக்டரம்மா!"

பெனாசிர் இமையைப் புரட்டினாள். ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு. "ரத்தம் ஊறுதுண்ணா! ஊறுது!" என்று கத்தியே விட்டாள். அந்தச் சத்தத்துக்குத்தானோ என்னவோ, பசு முன்னங்காலை ஊன்றி, தள்ளாடி எழுந்து நின்றது. சோளத்தட்டை ஒரு வாய் இழுத்து மென்றது. மணி தயங்கித் தயங்கிப் பச்சைக்குத் திரும்பியது. வண்டி பேசாமல் திரும்பிப் போனது.

பெனாசிருக்கு ஊரையே கூட்டிவிடலாம் போலிருந்தது. இனி எல்லாத் தொழுவத்திலும் இதைச் செய்யலாம்!

சிவராசு பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தான், அழுதான். "இனி இதை நம்பர் சொல்லிக் கூப்பிட மாட்டனுங்க. பேரு வெக்கப் போறேன்."

பெயர் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு வெட்கத்தோடு அவள் பக்கம் திரும்பினான்.

"ஏனுங்க டாக்டரம்மா, மாட்டுக்கெல்லாம் என்ன பேருங்க வெப்பாங்க?"

பெனாசிர் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை.