பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

"டிக்... டிக்... கிர்ர்..."

வெளியே பெங்களூரு பிரேசர் டவுன் தெரு முழுக்க மழை. ஓட்டலின் ஓரத்து மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தாள் வீணா. எதிரே ஈரச் சட்டையோடு வந்து உட்கார்ந்தவன் காபியைத் தொடவேயில்லை. அவள் பக்கமே காதைச் சாய்த்தான்.

"என்ன?" கண்ணை உருட்டினாள்.

"கோச்சுக்காதீங்க... உங்க ஹார்ட் டிஸ்க் டிக் டிக்னு அடிச்சுக்குது. அது நல்லதில்ல. உடனே காப்பி எடுத்துடுங்க."

"மழைக்கு ஒதுங்கினவங்க மழையைப் பாருங்க சார்."

லேப்டாப்பில் மாட்டியிருந்த கறுப்புப் பெட்டியை அவன் அப்போதுதான் பார்த்தான். ஆயுதபூஜைச் சந்தனமும் குங்குமமும் அதன் மேல் காய்ந்து ஒட்டியிருந்தன. சிரிப்பு வந்துவிட்டது பாவிக்கு.

"பூஜையெல்லாம் ஜோரா பண்ணியிருக்கீங்க... பேக்கப் பண்ணலியா?"

"சும்னிரி! சும்மா இருங்க!" கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முந்திக்கொண்டு வரும். "அது எங்கம்மா வெச்ச பொட்டு. சிரிக்கிற வேலை வேணாம்!"

லேப்டாப்பைப் பட்டென்று மூடிக்கொண்டு மழையிலேயே இறங்கி நடந்தாள். ஆனாலும்... திட்டு வாங்கியதும் திருதிருவென்று விழித்த அந்தக் கண்கள்! வீடு வரைக்கும் கூடவே வந்தன.

மறுநாள் சாயங்காலம், அந்தக் கறுப்புப் பெட்டியில் ஒரு ஃபோல்டர் திறக்கவே மாட்டேன் என்றது. 'அம்மா' என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டர்.

வீணா திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா எல்லம்மாவுக்குப் பேச்சே இல்லை, கண்ணுங்களா. அதற்கு முன்னால் விளையாட்டாக எடுத்த வீடியோக்களில்தான் அந்தக் குரல் இருந்தது. வேறெங்கும் இல்லை.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமா? வேண்டாம்... அவனைக் கேட்கலாம். எந்த முகத்தோடு போய்க் கேட்பது? மனசு தயங்கியது. லேப்டாப்பும் பெட்டியுமாகக் கால் ஓட்டலுக்குப் போய்விட்டது.

அதே மழை. அதே மேஜை. அதே ஆள். எதிரே புது ஹார்ட் டிஸ்க் ஒன்று, உறைகூடப் பிரிக்காமல்.

"நான் ஹரிஷ்குமார். வாணியம்பாடி. நேத்து சிரிச்சது தப்புங்க... நீங்க வந்தா இது தேவைப்படும்னு வாங்கி வெச்சேன்."

"வரலைன்னா?"

"நாளைக்கும் வந்து உட்கார்ந்திருப்பேன்." பழைய பெட்டியை வாங்கி லேப்டாப்பில் மெதுவாக மாட்டினான். "எது போனா அழுவீங்களோ, அதை முதல்ல எடுப்போம்."

"அம்மா..."

ஒரு வீடியோ ஏறியது. நின்றது. டிக்... டிக்... மறுபடி ஊர்ந்தது. எப்போது அவன் சட்டைக் கையைப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஏ வீணா! எருமை! விடிஞ்சு எவ்ளோ நேரமாச்சு, எழுந்திருடி!"

லேப்டாப்பிலிருந்து அம்மாவின் குரல். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். வீணா சிரித்தாள்; கண் மட்டும் கேட்கவில்லை, வழிந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்குப் பேச்சு போன விஷயத்தை விம்மலுக்கு நடுவே சொல்லி முடித்தாள்.

கடைசி வீடியோ ஏறியதும் பழைய பெட்டி ஒரேயடியாக ஓய்ந்துபோனது.

"பொட்டு வெச்சதால ஒண்ணும் ஆகல. அதுக்கு வயசாச்சு, அவ்வளவுதான்," என்றான் ஹரிஷ். பிறகு மெல்ல... "எங்கப்பா குரல் இருந்த டிஸ்க்கும் இப்படித்தான் அடிச்சுது. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். அப்பாவும் இல்ல... குரலும் இல்ல."

இந்தக் கண்களையா திட்டினோம்? வீணா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"லேப்டாப்புல ஒரு காப்பி, இந்தப் புதுசுல ஒரு காப்பி," என்றான் அவன். "ரெண்டையும் ஒரே வீட்டுல வைக்காதீங்க."

அவள் மழையைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்ப... புதுசு உங்க வீட்டுல இருக்கட்டும்."

"அம்மா குரலையா... என்கிட்டயா?"

"கேட்டுக்குங்க. மாமியார் கிட்ட ஒரு திட்டுகூட வாங்கலியேன்னு... நாளைக்குக் குறைப்படக் கூடாதில்ல?"

அவன் கண் திருதிருவென்று விழித்தது. பிறகு நிறைந்தது. புது டிஸ்க்கை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"முதல்ல வீட்டுக்குப் போலாம், வீணா. அம்மா கையால இதுக்கு ஒரு பொட்டு வெச்சுக்கிட்டு வரலாம்."