வேலிக்கு அங்கால் குத்திய கம்பி

எந்த வயரும் பொருத்தாத இரண்டாவது கோடு திரையில் லேசாக அசைந்தது.

றுக்ஸானா கண்ணைக் கசக்கிவிட்டு லெப்டொப்பை மறுபடி பார்த்தாள். முதல் கோடு வாப்பாவின் இதயம். நெஞ்சில் ஒட்டிய வயர்கள் பிடித்த துடிப்பை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கிப் பதிவுப்பெட்டிக்கு அனுப்ப, அது திரையில் கோடாக ஓடியது. உம்மா மௌத்தாகி அடக்கியதிலிருந்து அந்த இதயம் இடையிடையே துடிப்பைத் தவறவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டும் நல்லபிள்ளையாகிவிடும். தவறுவதைப் பிடித்துக் காட்டினால்தான் பேஸ்மேக்கர் வைக்கலாம் என்றிருந்தார் கண்டி டொக்டர். அதனால்தான் வேலை செய்யும் லேபில் கெஞ்சிக் கூத்தாடி, இந்தச் சாமான்களை உக்குவளைக்குத் தூக்கிவந்திருந்தாள்.

முதலில் திரையெல்லாம் கரண்ட் இரைச்சல்தான். பழைய வீடு, இரைச்சலை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கிடையாது. பின்பக்கம் முழுக்கக் கருங்கல், கம்பி இறங்கவில்லை. கடைசியில், ஊராரை அடக்கும் மையவாடியின் வேலிச் செடிகளுக்குள் கையை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்து மண்ணில் இரும்புக் கம்பியைக் குத்தினாள். சுத்தியலே தேவைப்படவில்லை. அதிலிருந்து வயரை ஜன்னலால் இழுத்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, நுனியை வாப்பாவின் வலதுகாலில் கட்டியிருந்த பட்டியில் முடிந்தாள். இரைச்சல் நின்றது. பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது வெளியே மழை. ஈர மண்வாசம் ஜன்னலால் நுழைந்து, வாப்பா பூசியிருந்த தைலத்தின் மணத்தையும் அமுக்கிவிட்டு, ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றித் தேங்கி நின்றது. அந்தி மஃரிப் பாங்கு ஓய்ந்தபிறகு, ஓட்டுத் தண்ணீர் சொட்டுவதும் வாப்பாவின் மூச்சும்தான் கேட்டன.

இரண்டாவது கோடு மறுபடி எழும்பியது. சும்மா விட்ட இணைப்பில் பக்கத்துக் கோட்டின் சாயல் தெரிவது லேபில் சகஜம். ஆனால் சாயலென்றால் இரண்டும் சேர்ந்து எழும்ப வேண்டும். இது முதல் கோடு தவறிய இடத்தில் மட்டும் எழும்பியது. வாப்பா விட்ட துடிப்பை வேறு யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பயம் பிடித்தது.

"கால் குளிருது மகள்."

"கொஞ்சம் பொறுங்க வாப்பா. அசையாதீங்க."

"கம்பிய எங்க குத்தின?"

"வேலிக்கு அங்கால. மண் நல்லா இளகி இருந்திச்சி."

வாப்பா அவளையே பார்த்தார். அன்று உம்மாவின் ஜனாஸாவோடு மையவாடிக்கு ஆண்கள்தான் போனார்கள். எந்த மூலையில் அடக்கினார்கள் என்று அவள் கேட்டதேயில்லை.

"அங்கதானே மகள் உம்மாவ வெச்சோம்."

அவர் குரலில் பயமே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

முதல் கோட்டில் துடிப்புகள் குறைந்தன. இரண்டாவதில் கூடின. ஆம்ப்ளிஃபயரிலிருந்து எர்த் வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

முதல் கோடு நேராகப் படுத்துவிட்டது.

இரண்டாவது நிற்கவில்லை.

காலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தரையில் தொய்ந்து கிடந்த வயர் அசைந்தது. மெல்ல விறைத்தது. ஜன்னல் கட்டையில் உரசியது. போர்வைக்குள்ளிருந்து வாப்பாவின் வலதுகால் எழும்பியது.

"வாப்பா!"

பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. நாடி இல்லை. ஆனாலும் அந்தக் கை அசைந்தது. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், பிரித்து விலக்கியது.

கால் முழங்கால்வரை ஜன்னலுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தது.