மிச்சம் மூன்று முகவரிகள்

வாசல் கதவைத் திறந்தது முப்பதாம் வீடு என்று திரை சொன்னது. எங்கள் கட்டடத்தில் இருப்பதோ இருபத்தொன்பது வீடுகள். யார் வீட்டில் எத்தனை மணிக்கு இறைச்சி வேகிறது என்பதுவரை மோப்பம் பிடிப்பவள் நான். முப்பதாவதாக ஒன்று இருந்தால் எனக்குத் தெரியாமலா போகும்?

கீழ்த்தளக் கருவி அறையில் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பூருல்சா. எல்லாம் அவளே பிறகு என்னிடம் சொன்னது. ஒவ்வொரு வீட்டிலும் கேமரா வைத்த கதவுமணிப் பெட்டி. அதற்கு ஓர் ஐபி முகவரி. எந்த முகவரி வாசலைத் திறக்கலாம் என்று தீர்மானிப்பது அவள் பொறுப்பிலிருந்த ஃபயர்வால். அவள் கணவன் குபாத் சுரங்கத்தில் இரண்டு காலையும் ஒடித்துக்கொண்டு ஐந்தாம் மாடியில், இருபத்தொன்பதாம் வீட்டில், எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். அவன் கால்மாட்டுச் சுவரிலும் ஒரு பெட்டி.

காலையில்தான் கட்டடத் தலைவர் சோனுன்பெக் வந்து கத்தியிருந்தார்.

"இன்னும் வீடு வீடா ஒரு விதி எழுதிட்டிருக்கியா? நீ முடிக்கறதுக்குள்ள என்னையே புதைச்சிடுவாங்க."

"எல்லாத்தையும் ஒரே குழுவாக்கி ஒரு விதியில முடிச்சிடலாம் அண்ணே. ஆனா ஒரே வரியில சேக்கணும்னா முப்பத்திரண்டு முகவரிக் கட்டாத்தான் வரும். மூணு மிச்சம் நிக்கும்."

"இல்லாத வீட்லேர்ந்து யாருடி வரப்போறா? உன் மாமியாரா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவளும் முப்பத்திரண்டையும் சேர்த்துவிட்டாள்.

இப்போது வெளியே நாரின் நகர் முழுவதையும் பனி மூடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கே வெளிச்சம் சாம்பலாகி, சூடுநீர்க் குழாய்களுக்குள் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் ஓர் ஓசை, ஆற்றடிச் சேறு கிளறியதுபோல் ஒரு வாடை. வாசல் கேமராவில் கதவு தானாகத் திறந்தது. ஆளில்லை. கொஞ்சம் பனி மட்டும் உள்ளே வந்தது. மூடியது.

முப்பத்தொன்றாம் வீடு திறந்தது. பிறகு முப்பத்திரண்டாம் வீடு.

படிக்கட்டில் ஈரக்கால்களின் சத்தம். ஒன்றாம் மாடி. இரண்டு.

பூருல்சா அந்த முகவரிக் கட்டைக் குழுவிலிருந்து அழித்தாள். இருபத்தொன்பது முகவரிகளையும் தனித்தனியாக அடித்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அந்த மூன்று இணைப்பும் அப்படியே உயிரோடு இருந்தன. விதி புதிதாக வருபவர்களைத்தான் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களைத் தொடாது. தொழில் தெரிந்தவளுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்?

அவற்றை ஒவ்வொன்றாக வெட்டினாள். வெட்ட வெட்ட முளைத்தன.

காலடி நின்றது. மேலே. ஐந்தாம் மாடி.

கைபேசி அடித்தது. குபாத்.

"ஏன்டி, உன் கை இப்படிச் சில்லுனு இருக்கு? பனியில நின்னியா?"

"குபாத், நான் கீழ இருக்கேன்."

"என்ன விளையாட்டு இது? இங்கதான என் பக்கத்துல உக்காந்திருக்க." அவன் சிரித்தான். "ஆமா, கூட வந்திருக்கிறவங்க யாரு? ஏன் சுவத்தப் பாத்து நிக்கறாங்க?"

இணைப்பு அறுந்தது.

ஓட எழுந்தாள். திரையில் இருபத்தொன்பதாம் வீட்டுப் பெட்டி தானாக விழித்தது.

படுக்கை. குபாத். மூலையில் சுவரைப் பார்த்து இருவர். படுக்கை விளிம்பில் முதுகு காட்டி ஒருத்தி. பூருல்சாவின் நீலத் தலைத்துணி. அவளுடைய பின்னல். பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவள் கையில் ஒரு கரண்டி. கரண்டி நிறையப் பனி.

குபாத் வாயைத் திறந்தான்.