'ஸ்' என்று தொடங்கும் வார்த்தை

ஹேட்டியின் வாயில் எந்தச் சொல்லும் தங்காது.

அம்மாவின் பிறந்தநாளுக்காக அப்பா ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி ஒளித்து வைத்திருந்தார். "அம்மா, பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அது உன் காலுக்குச் சரியா இருக்கும்!" என்று காலை உணவின்போதே சொல்லி முடித்துவிட்டாள் ஹேட்டி. வகுப்பிலும் அப்படித்தான். ஆசிரியை பாதிக் கேள்வி கேட்பதற்குள் இவள் முழுப் பதிலும் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே சொல்வாள். அதனால் திட்டவும் முடியாது.

மொன்டானாவில், மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள் அவள். வெள்ளிக்கிழமை மாலை பள்ளியில் வார்த்தை விளையாட்டு. பெற்றோர் எல்லோரும் வருவார்கள். இருவர் இருவராக ஆட வேண்டும். ஒருவர் அட்டையில் இருப்பதை வாய் திறக்காமல் நடிக்க, மற்றவர் அந்த ஆங்கில வார்த்தையைச் சரியாகச் சொல்ல வேண்டும். மணற்கடிகாரத்தில் மணல் தீர்ந்தால் வாய்ப்பும் தீர்ந்தது.

இந்த முறை ஆசிரியை மிஸஸ் ஹேகன் எடுத்துக்கொண்டவை எல்லாம் அடக்குவதைக் குறிக்கும் வார்த்தைகள். தமிழில் நாம் சிரிப்பையும் அடக்குவோம், குதிரையையும் அடக்குவோம். ஆங்கிலத்தில் அப்படி ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. கொட்டாவியையோ சிரிப்பையோ வாய்க்குள் அமுக்கினால் 'ஸ்டைஃபிள்'. நெருப்பின்மேல் கம்பளியைப் போட்டு மூச்சுமுட்ட வைத்தால் 'ஸ்மதர்'. வெளியே போக வேண்டிய செய்தியை அழுத்தி வைத்தால் 'சப்ரெஸ்'. முரட்டுக் காளையைப் பணிய வைத்தால் 'சப்டியூ'. வதந்தியைக் காலால் மிதிப்பதுபோல நசுக்கினால் 'ஸ்குவெல்ச்'.

ஹேட்டிக்குக் கிடைத்த ஜோடி ருஃபஸ். வகுப்பிலேயே அதிகம் படிப்பவன். ஆனால் அவனுக்குப் பேச்சு திக்கும். அதிலும் 'ஸ்' என்ற எழுத்து அவனுக்குப் பூட்டிய கதவு மாதிரி.

"ருஃபஸ், நீ நடிக்கிறியாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார் மிஸஸ் ஹேகன்.

"இல்ல, மிஸஸ் ஹேகன். நான் சொ-சொல்றேன்."

பின்வரிசையிலிருந்து கோல்பி கத்தினான். "இவன் வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சா சனிக்கிழமைதான் முடிப்பான்!"

ருஃபஸ் திரும்பிப் பார்த்தான். "பரவாயில்ல கோல்பி. நீ போய்த் தூ-தூங்கிட்டு வா. அப்பவும் உனக்குப் பதில் தெரியாது."

வகுப்பே சிரித்தது. கோல்பிகூடச் சிரித்துவிட்டான்.

அன்று மதியம் விளையாட்டுத் திடலில் இருவரும் பயிற்சி செய்தார்கள். ஹேட்டி தன் கோட்டைக் கழற்றி, இல்லாத நெருப்பின்மேல் பொத்தென்று போட்டாள்.

"ஸ்... ஸ்..." என்றான் ருஃபஸ்.

"ஸ்மதர்!" என்றாள் ஹேட்டி.

அடுத்து, முரட்டுக் காளையின் கழுத்தைப் பிடித்துத் தரையில் சாய்த்தாள்.

"ச... சப்..."

"சப்டியூ! சரிதானே?"

மூன்றாவது முறையும் அதுவே நடந்தது. ருஃபஸின் முகம் சிவந்துவிட்டது. அவன் போய்ப் பனிப்பந்து ஒன்றை உருட்டி வேலியில் ஓங்கி அடித்தான்.

"என்ன ஆச்சு? கோபமா?"

"நான் க-கதவைத் திறக்கப் போறப்பல்லாம் நீ முன்னாடி ஓடித் திறந்துடற ஹேட்டி. நான் எப்பதான் திறக்கறது?"

"நீ கஷ்டப்படறியேன்னுதான்..."

"கஷ்டம்தான். ஆனா அது எ-என்னோட வார்த்தை."

ஹேட்டி கீழே கிடந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள். ருஃபஸுக்கு வார்த்தை தெரியாமல் இல்லை. நேரம்தான் வேண்டும். மணற்கடிகாரத்தின் பாதி நேரத்தை இவள் நடித்தே தீர்த்துவிடுகிறாள். காளையின் கொம்பு, வால், அது மேய்ந்த புல் எல்லாவற்றையும் காட்ட வேண்டுமா என்ன? கண்ணிமைக்கும் நேரத்தில் நடித்து முடித்தால், மீதி மணல் முழுவதும் ருஃபஸுக்கு.

மற்றொரு வேலையும் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருப்பது! இரவு உணவின்போது அப்பா ஒரு பழைய நகைச்சுவையைச் சொன்னார். அதன் முடிவு ஹேட்டிக்கு மனப்பாடம். உருளைக்கிழங்கை வாய் நிறையத் திணித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று பதறிப்போனார் அப்பா.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. ஒவ்வொரு ஜோடியாக ஆடி முடிக்க, ஹேட்டியும் ருஃபஸும் மேடை ஏறினார்கள். முதல் சில வார்த்தைகள் நன்றாகவே போயின. ருஃபஸ் கொஞ்சம் திக்கினாலும் மணல் தீர்வதற்குள் சொல்லிவிட்டான்.

கடைசி அட்டையை எடுத்துப் பார்த்தாள் ஹேட்டி. 'ஸ்டைஃபிள்.'

சட்டென்று நாற்காலியில் அமர்ந்து, தேவாலயத்தில் இருப்பதுபோலக் கைகளைக் கோத்துக்கொண்டாள். ஓரக்கண்ணால் எதையோ பார்த்தாள். கன்னம் உப்பியது. தோள் குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான். மணல் இப்போதுதான் விழத் தொடங்கியிருந்தது.

ருஃபஸின் கண்கள் பளிச்சிட்டன. அவனுக்குத் தெரிந்துவிட்டது!

"ஸ்... ஸ்..."

மணல் இறங்கியது.

"ஸ்..."

"ஸ்மதர்!" என்று கூட்டத்திலிருந்து கத்தினான் கோல்பி.

"சப்ரெஸ்ஸா இருக்குமோ?" என்று யாரோ ஒரு அம்மா முணுமுணுத்தார்.

"பாவம், நீயே எடுத்துக் கொடேம்மா," என்றார் முன்வரிசையில் ஒரு தாத்தா.

ஹேட்டியின் நாக்கு நுனியில் அந்த வார்த்தை துள்ளிக்கொண்டிருந்தது. உதட்டை அசைத்துக் காட்டினால்கூடப் போதும். ஆனால் அவள் அசைக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, 'பொறுங்கள்' என்று கையை மட்டும் உயர்த்தினாள். பிறகு ருஃபஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் நண்பனுக்காக நிற்பதுபோல, அவசரமே இல்லாமல்.

ருஃபஸ் வாயை மூடினான். மூச்சை இழுத்து விட்டான். எல்லோரும் பார்க்கிறார்களே என்று தலை குனியவில்லை. அந்தப் பூட்டிய கதவுக்கே மறுபடியும் போனான்.

'எவ்வளவு தைரியம் இவனுக்கு!' என்று நினைத்தாள் ஹேட்டி.

"ஸ்ட்... ஸ்டைஃபிள்!"

கடைசி மணல் விழுந்தது.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, யாரும் கேட்காமலேயே ருஃபஸ் தொடர்ந்து பேசினான். "ஸ்மதர் இல்ல கோல்பி. அது நெ-நெருப்புக்கு. போர்வை போட்டா நெருப்பு செத்துடும். சிரிப்பு சா-சாகாது. உள்ளேயே குதிச்சுக்கிட்டு இருக்கும்."

மிஸஸ் ஹேகன் முதல் ஆளாக எழுந்து நின்று கைதட்டினார். வேகத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் அவர்களுக்கு இரண்டாம் இடம்தான். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது எல்லோர் பேச்சிலும் ருஃபஸ்தான் இருந்தான்.

வெளியே வந்ததும் ஹேட்டி படபடவென்று பொரிந்து தள்ளினாள். "அப்பாடா! நான் வெடிச்சே போயிடுவேன்னு நினைச்சேன்!"

"பா-பார்த்தேன். உன் காதுகூடச் சிவந்துபோச்சு."

"உனக்குப் பயமா இல்லையா ருஃபஸ்? அத்தனை பேர் பார்த்துக்கிட்டு இருந்தாங்களே!"

"பயம்தான். ஆனா பயந்துக்கிட்டேகூடச் சொ-சொல்லலாம்." அவன் கொஞ்சம் தயங்கினான். "திங்கட்கிழமை ஒலிபெருக்கியில அறிவிப்பு வாசிக்க என் பேரைக் கொ-கொடுத்துட்டேன்."

ஹேட்டி வாயைப் பிளந்தாள்.

திங்கட்கிழமை காலை ஒலிபெருக்கி கரகரத்தது.

"எல்லாருக்கும் கா-காலை வணக்கம். நான் ருஃபஸ். இன்னிக்கு மதியச் சாப்பாடு... ம... ம..."

திங்கட்கிழமை என்றாலே மக்ரோனிதான். அது பள்ளிக்கூடம் முழுவதற்கும் தெரியும். கோல்பி வாயைத் திறந்தான். ஹேட்டி திரும்பிப் பார்த்தாள். ஆனால் அவள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கோல்பி தானாகவே வாயை மூடிக்கொண்டு, ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தான். வகுப்பே காத்திருந்தது.

"ம... மக்ரோனி!"

மக்ரோனி என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டதுபோல எல்லோரும் "ஹோ!" என்று கத்தினார்கள்.