நிறைமதியின் முதலாளி

"உங்க முதலாளிகிட்ட நான் பேசணும்" என்றார் தத்துக்குழு அதிகாரி பெனடிக்டா.

நிறைமதி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். மேஜைத் திரையில் அவளுடைய மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள் தெரிந்தன. அடிப்படைச் சம்பளம், வாடகைப்படி, வைப்புநிதிப் பிடித்தம், கைக்கு வந்த தொகை என்று குறை சொல்ல முடியாத சீட்டுகள். அடுத்த அறையில் இரண்டரை வயது ரோஜா பொம்மை யானையை இழுத்துக்கொண்டு திரிந்தாள். ஒரு வருடமாக வாராவாரம் வந்து பார்த்துப் பழகிய குழந்தை. சீட்டுகளை அதிகாரி ஏற்றுக்கொண்டால் இன்றே வீட்டுக்குக் கூட்டிப்போகலாம்.

நிறைமதிக்கு முதலாளி என்று ஒரு மனிதர் கிடையாது. இப்போது திருச்சியில் அநேகமாக யாருக்குமே கிடையாது. எந்திரங்கள் பேசும் தமிழைக் கேட்டுத் திருத்துவது அவள் தொழில். பல கம்பெனிகளிடமிருந்து துண்டு துண்டாகக் கூலி வரும். வங்கியும் வீட்டுக்காரரும் தத்துக்குழுவும் மட்டும் பழைய காலத்திலேயே உட்கார்ந்துகொண்டு சம்பளச் சீட்டு கேட்டார்கள். அதற்காக வந்ததுதான் முதலாளிப்பொறி. அதை நாமே விலைக்கு வாங்கி, நாமே அதனிடம் வேலைக்குச் சேர வேண்டும். நம் கூலியை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும். நல்ல மாதத்தில் கொஞ்சம் பிடித்துவைத்து, வறண்ட மாதத்தில் அதைப் போட்டு நிரப்பி, மாதக் கடைசியில் ஒரே அளவாகச் சம்பளமும் சீட்டும் தரும்.

சட்டம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. பொறிக்கு நிஜ முதலாளியின் அதிகாரம் இருக்க வேண்டும். விடுப்பை மறுக்கலாம், வேலையைவிட்டே அனுப்பலாம். இல்லாவிட்டால் சீட்டு செல்லாது. இளகல், நடுத்தரம், கறார் என்று மூன்று குணங்களில் ஒன்றை வாங்குகிறவர் வைத்துக்கொள்ளலாம், பிறகு மாற்ற முடியாது. நிறைமதி கறார் வைத்தாள். கறாரான முதலாளி கொடுத்த சீட்டைத்தான் ஊர் நம்புகிறது. முதலாளிகளிடம் ஊர் பட்ட அனுபவம் அப்படி. போன மாதம் காய்ச்சலில் அவள் கேட்ட விடுப்பை அது மறுத்தபோதுகூட, சீட்டுக்கு நல்லதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அதிகாரி பொறியை அழைத்தார். "நிறைமதி எப்படி வேலை பாக்குறாங்க?"

"ஒழுங்கான ஊழியர். புகார் இல்லை" என்றது பொறி.

"குழந்தை வந்ததும் ஆறு மாசம் இவங்க எந்த வேலையும் பாக்கக் கூடாது. சம்பளத்தோட லீவு குடுப்பீங்களா?"

நிறைமதி துப்பட்டா நுனியை முறுக்கினாள். மறுத்துவிடாதே, மறுத்துவிடாதே என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். காசு கொடுத்து வாங்கிய பொறியிடம் இப்படிக் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று அழுகையே வந்தது.

"வேலை நிற்கக் கூடாது. குறைந்த சம்பளத்துக்கு மாற்று ஊழியர் ஒருவரை அமர்த்தினால் தரலாம். உரிமையாளர் சம்மதிக்க வேண்டும்."

"உரிமையாளர் யாரு?"

"நான்தான் மேடம்" என்றாள் நிறைமதி. "எனக்குச் சம்மதம். முழுச் சம்மதம்."

பெனடிக்டா சிரித்துவிட்டார். "இங்க வர்ற முக்காவாசிப் பேரு இப்படித்தாம்மா. கூட்டிட்டுப் போங்க. ஆனா இப்பவே சொல்லிட்டேன், நடுவுல ஒரு மாசம் ஸ்லிப் வரலைன்னாலும் புள்ள இங்க திரும்பி வந்துடும். அப்புறம் எங்கிட்ட அழுது பிரயோஜனம் இல்ல."

மாற்று ஊழியராக முசிறியிலிருந்து சகாயராணி வேலைக்குச் சேர்ந்தாள். அவள் உழைத்துக் கொண்டுவந்த கூலியில் பெரும்பகுதி நிறைமதிக்குச் சம்பளமாகப் போயிற்று. சகாயராணி அதற்கும் தலையாட்டினாள். அவளுக்கும் எங்கேயோ காட்ட ஒரு சீட்டு வேண்டியிருந்தது.

மூன்றாவது மாதம். ரோஜாவை மடியில் வைத்துப் பருப்புசாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது பொறி கூப்பிட்டது.

"சகாயராணி நான்கு நாள் விடுப்பு கேட்கிறார். காரணம் குழந்தை என்பதால் மனிதர் ஒருவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். உரிமையாளர் நீங்கள்தான். கேளுங்கள்."

சகாயராணி பதிந்து அனுப்பியிருந்த குரல் வந்தது. "மேடம், பையனுக்கு ஆபரேஷன். கூட யாரும் இல்ல. உங்களுக்குப் புள்ள இருக்கான்னு எனக்குத் தெரியாது. இருந்தா புரியும் மேடம்."

நிறைமதியின் கை பாதியில் நின்றது. "குடுத்துடு. அந்த நாலு நாளும் நான் பாக்குறேன்."

"நீங்கள் விடுப்பில் இருக்கிறீர்கள். வேலை செய்தால் தத்துக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும்."

"வேற ஆள்?"

"நான்கு நாள் வேலைக்குச் சீட்டு கிடையாது. அதனால் யாரும் வர மாட்டார்கள். வேலை நின்றால் கம்பெனிகள் போய்விடும்; பிடித்துவைத்த தொகையும் தீர்ந்துவிட்டது; இந்த மாதம் உங்களுக்குச் சீட்டு தர முடியாது."

"மறுத்தா அந்தம்மா என்ன பண்ணும்?"

"வேலைக்கு வருவார். அவருக்கும் சீட்டு வேண்டும்."

ரோஜா அடுத்த வாய்க்காக வாயைத் திறந்து காத்திருந்தாள். நிறைமதிக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"மறுப்புக் கடிதத்துல யார் பேரு போடுவ?"

"முடிவெடுக்கிறவர் பெயர்தான். முதலாளி, நிறைமதி."

அவள் குழந்தையின் தலையை மார்போடு அணைத்து, ஒரு காதை இடது கையால் பொத்திக்கொண்டாள்.

"மறுத்துடு" என்றாள்.