ஏழாம் நம்பர் டிராப்பர்

துறுதுறுவின் வயிற்றுக்குள் ஒரு தவளை குதித்தது. சின்னத் தவளை என்று நினைத்துவிடாதீர்கள். யானை பார்த்தால் ஒதுங்கி வழிவிடும், அவ்வளவு பெரிய தவளை.

காரணம், அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குக் கிருமி ஆராய்ச்சி வேலை. போன வாரம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் பாறையில் இடித்துக் கச்சா எண்ணெயைக் கொட்டிவிட்டது. கடல் முழுக்கக் கறுப்பு. நண்டுகள் தார் ரோட்டில் நடப்பதுபோலக் காலைத் தூக்கித் தூக்கி நடந்தன.

அந்தக் கடல் தண்ணீரிலேயே சில கிருமிகள் உண்டு. அவை சோப்பு மாதிரி ஒன்றைக் கசியவிட்டு, எண்ணெயைப் பொடிப்பொடியாக உடைத்து, பிறகு தின்றுவிடும். அதில் எது கெட்டிக்காரக் கிருமி என்று பார்க்க, பத்துப் புட்டிகளில் பத்து வகையை அம்மா வளர்த்திருந்தாள்.

சோதனை சுலபம். புட்டிக்கொரு தட்டில் கடல் தண்ணீர், அதன் மேல் எண்ணெய்ப் படலம். புட்டியிலிருந்து அதற்குரிய டிராப்பரில் உறிஞ்சி ஒரு சொட்டு விடவேண்டும். கெட்டிக்காரக் கிருமியென்றால் எண்ணெய் விலகி ஓடி, நடுவில் ஒரு வட்டம் விழும்.

ஆறு புட்டி வரை ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவது சொட்டு விழுந்ததும் எண்ணெய் ஓடியது பாருங்கள், கடைசி மணி அடித்த பள்ளிக்கூடம்கூட அப்படி ஓடியதில்லை.

"ஏழுதான். மத்த மூணையும் பாக்கவே வேண்டாம்," என்று அம்மா போனை எடுத்தாள். "அதிகாரி சாரா? கெடச்சிருச்சு சார். வாங்க, தொட்டியில வளக்க ஆரம்பிச்சிடலாம்."

பெரிய தொட்டி ஒன்றுதான் இருந்தது. கிருமி வளர்ந்து கடலுக்குப் போகப் பத்து நாளாகும். தப்பான கிருமியை வளர்த்தால், அதற்குள் எண்ணெய் மணலுக்குள் இறங்கிவிடும். நண்டுகளின் கதி அவ்வளவுதான்.

ஆனால் துறுதுறுவுக்கு மட்டும் ஒன்று தெரியும்.

"எதையும் தொடாதே" என்று அம்மா நூறு தடவை, இல்லை, ஆயிரத்து நூறு தடவை சொல்லியிருந்தாள். கை கேட்டால்தானே? காலையில் துறுதுறு ஏழாம் நம்பர் டிராப்பரை எடுத்தாள். அது நழுவித் தரையில் விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு அவசரமாக அலசி, சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டாள்.

எண்ணெயை விரட்டியது கிருமியா, சோப்பா?

அம்மா வாசலுக்குப் போனதும், துறுதுறு அதே டிராப்பரில் வெறும் தண்ணீரை உறிஞ்சினாள். எட்டாவது தட்டில் ஒரு சொட்டு விட்டாள்.

எண்ணெய் ஓடியது.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்ததும் தவளை இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

துறைமுக அதிகாரி, எண்ணெய் அப்பிய பூட்ஸோடு உள்ளே வந்தார். "எங்கம்மா அந்த ஏழு?"

"அம்மா..." கொசுவுக்குத் தொண்டை கட்டினால் வரும் குரலில் துறுதுறு சொன்னாள். "வெறும் தண்ணியும் எண்ணெய வெரட்டுது."

"அப்ப கிருமி எதுக்கு? குழாயத் தொறந்து விட்டாப் போதுமே," என்றார் அதிகாரி.

அம்மா சிரிக்கவில்லை. "என்ன பண்ணின?"

துறுதுறு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அம்மா ஏழாம் நம்பர் டிராப்பரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"டிராப்பர்ல ஏழாம் கிருமி ஒட்டிட்டிருந்திருக்கலாமே. அதுகூட வெரட்டியிருக்கலாம்," என்றாள் அம்மா மெல்ல.

"அப்ப புது டிராப்பர்ல ஏழ எடுத்துப் பாரும்மா."

அம்மா புதிதாக எண்ணெய்த் தட்டு வைத்து எடுத்தாள். சொட்டு விழுந்தது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த மாமாவைப்போல எண்ணெய் அசையாமல் கிடந்தது.

அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். எட்டுக்கும் தட்டை மாற்றினாள், அசைவில்லை. ஒன்பது, மூடியைத் திறந்தாலே மூக்கு ஊரைவிட்டு ஓடும் புட்டி. அம்மா முதலில் புது டிராப்பரில் வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்தாள். எண்ணெய் நகரவில்லை. அடுத்து ஒன்பதின் சொட்டை விட்டாள்.

சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் விழுந்தது. அது கைக்கடிகாரம் அளவானது. அப்புறம் சாஸர் அளவானது.

"தொட்டியத் தொறக்கட்டுமா?" என்றார் அதிகாரி.

"பத்தையும் பாத்துட்டுதான் சார்."

பத்து அசையவில்லை. ஒன்பது தொட்டிக்குப் போனது. தவளை எப்போது வெளியே குதித்து ஓடியதோ, துறுதுறு கவனிக்கவில்லை.

அம்மா பத்து டிராப்பர்களையும் அவள் கையில் கொடுத்தாள். "போய் அலசு. சோப்பு வேண்டாம்."

"எத்தனை தடவம்மா?"

"ஆயிரத்து நூறு."

துறுதுறு குழாயைத் திறந்தாள். "ஒண்ணு," என்றாள்.