குண்டூசியின் இடது சக்கரம்

குண்டூசி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். வாயைத் திறந்தால் சுருக்கென்று குத்துவாள், அதனால். வயது பத்து. மறுநாள் வகுப்போடு மிருகக்காட்சி சாலைக்குப் போக வேண்டும், அதுவும் அம்மா துணையில்லாமல். அம்மாவும் கூட வந்தால் அது சுற்றுலாவா? நாள் முழுக்க அறிவுரை அல்லவா!

அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு அவளாகவே மாறிக் காட்ட வேண்டும். வேன் இருக்கைக்கும் அப்படித்தானே மாற வேண்டும்.

சாயங்காலம் குண்டூசி கால்பலகைகளை மடக்கினாள். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் லாக் போட்டாள். கையை ஊன்றி எழும்பியதும் இடது சக்கரம் வழுக்கி, வீல்சேர் பின்னால் நகர்ந்தது. நல்லவேளை, அம்மா பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு நானும் வரேன்,” என்றார் அம்மா. பேச்சு அவ்வளவுதான்.

குண்டூசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா ஸ்பேனரோடு ஓடி வந்தார். கதவு கிறீச்சிட்டாலும் சரி, மின்விசிறி ஆடினாலும் சரி, அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஸ்பேனர்தான். டயரை அழுத்திப் பிடிக்கும் இடது லாக்கின் போல்ட்டைத் தளர்த்தி, லாக்கை டயருக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளப் பார்த்தார். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. இனித் தள்ள இடமே இல்லை. லாக் தேய்ந்துவிட்டது, புதிதாக வாங்கினால்தான் ஆச்சு என்று கையை விரித்துவிட்டார்.

குண்டூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள். வலது லாக்கும் அதே நாளில் வந்ததுதானே, அது மட்டும் ஏன் தேயவில்லை? இரண்டு டயர்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். வலது கல் மாதிரி இருந்தது. இடது கனிந்த பழம் மாதிரி அமுங்கியது.

“அப்பா, லாக் மேல தப்பே இல்ல. டயர்ல காத்து குறையுது. டயர் சுருங்கி உள்ள போகப் போக, நீங்க லாக்கைக் கொண்டுபோய் அதைத் துரத்திட்டு இருக்கீங்க.”

அப்பா அசடு வழிந்தார். டயரின் வால்வு தளர்ந்திருந்தது. அதை இறுக்கிக் காற்றடித்தார்கள். டயர் உப்பிவிட்டதால் இப்போது லாக் விழவே மாட்டேன் என்றது. அப்பா பலத்தைக் காட்டப் போனார். முரட்டுத்தனம் வேண்டாம், பழைய இடத்துக்கே நகர்த்துங்கள் என்று குண்டூசி தடுத்தாள். நகர்த்தி இறுக்கியதும் இரண்டு லாக்கையும் போட்டுவிட்டு, வீல்சேரைத் தள்ளிப் பார்க்கச் சொன்னாள். அப்பா முக்கி முனகித் தள்ளினார். சக்கரம் உருளவில்லை.

குண்டூசி கட்டிலுக்கு மாறினாள். வீல்சேர் நின்ற இடத்திலேயே நின்றது. அம்மாவுக்கு ஒரு தடவை போதவில்லை. நான்கு தடவை மாறச் சொல்லிப் பார்த்தார்.

“சரி, போயிட்டு வா. ஆனா வேன் வரைக்கும் நான் வருவேன்.”

மறுநாள் காலை குண்டூசி முதல் வேலையாக இடது டயரை அழுத்திப் பார்த்தாள். கல் கல்லாகவே இருந்தது. வேனின் சாய்வுப்பலகை வழியாக உள்ளே போய், இருக்கையை ஒட்டி நிறுத்தினாள். இரண்டு பக்கமும் லாக் போட்டு, ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, கையை ஊன்றி மாறி உட்கார்ந்தாள்.

வேன் வாசலில் நின்ற அம்மா தன்னை அறியாமல் இரண்டு கைகளையும் பிடிப்பதற்கு நீட்டியிருந்தார். குண்டூசி ஜன்னல் வழியாகச் சிரித்ததும், நீட்டிய கைகளை அப்படியே மேலே தூக்கி டாட்டா காட்டினார்.